சார்ல்ஸ் ஸ்டட்: ஆறு பருவக் கிரிக்கெட்டும் ஒன்பது காசோலைகளும்

1882ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. இலண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து வெல்வதற்கு 85 ஓட்டங்களே தேவை. கிரேஸ் நின்று ஆடிக்கொண்டிருந்தவரை யாரும் பயப்படவில்லை. அவர் 32 ஓட்டங்களோடு போனார். அதன்பிறகு அவுஸ்திரேலியாவின் ஸ்போஃபோர்த் என்ற நெடிய மனிதர் ஒருவர் பின் ஒருவராக வாரி அள்ளினார். அன்று காலை கிரேஸ் செய்த ஒரு காரியத்தால் அவருக்குக் கடுங்கோபம். பந்து ஓய்ந்துவிட்டது என்று நினைத்து ஆடுகளத்தைச் சீர்செய்யக் கோட்டைவிட்டு வெளியே வந்த இளம் அவுஸ்திரேலிய வீரரைக் கிரேஸ் ரன் அவுட் ஆக்கியிருந்தார். சட்டப்படி சரி. ஸ்போஃபோர்த் அந்த ஆட்டத்தில் 90 ஓட்டங்களுக்கு 14 விக்கெட்டுகள் எடுத்தார். பார்வையாளர்களில் ஒருவர் அங்கேயே விழுந்து இறந்துபோனார். இன்னொருவர் குடைப்பிடியைக் கடித்துத் தின்றார் என்று கதை.

எட்டாவது விக்கெட் போனபோது ஓட்டம் 75. அப்போது உள்ளே நடந்து வந்தவர் 21 வயது நிரம்பிய சார்ல்ஸ் ஸ்டட். அந்தக் கோடையில் இதே அவுஸ்திரேலியர்களுக்கு எதிராக இரண்டு சதங்கள் அடித்த இளைஞர். அவரை ஏன் பத்தாவது ஆளாக அனுப்பினார்கள்? அணித்தலைவர் ஹோர்ன்பி பதற்றத்தில் துடுப்பாட்ட வரிசையைக் குலைத்து, நம்பிக்கையான ஒருவர் கடைசிக்கு இருக்கட்டும் என்று பிடித்து வைத்திருந்தார். நல்ல பாத்திரத்தை விருந்தாளி வரட்டும் என்று அலுமாரியில் பூட்டிவைக்கும் எங்கள் அம்மாமாரின் வேலைதான். ஸ்டட் ஒரு முனைக்கு வந்து நின்றார். மறுமுனையில் பார்ன்ஸ் போனார். கடைசி ஆளாக வந்த பீட் பொறுமையாக நிற்காமல் மட்டையை வீசினார், ஆட்டமிழந்தார். மொத்தம் 77. ஏழு ஓட்டத்தால் தோல்வி. ஸ்டட் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. முதல் இனிங்ஸில் பூச்சியம், இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் பூச்சியம். இதுதான் அவருடைய முதல் டெஸ்ட்.

இங்கிலாந்துக் கிரிக்கெட் செத்துவிட்டது, உடலைத் தகனம் செய்து சாம்பல் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறது என்று ஒரு பத்திரிகை கேலியாக மரண அறிவித்தல் போட்டது இந்தத் தோல்விக்குத்தான். ஆஷஸ் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆஷஸ் நன்றாகத் தெரியும். அந்தத் தோல்வியின்போது மறுமுனையில் நின்றவரைத் தெரியாது. நான் எழுதப்போவது அவரைப் பற்றி. ஒரு கணக்காளனாக எனக்கு அவர்மேல் அக்கறை வந்ததற்குக் கிரிக்கெட் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி பின்னால் வருகிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். சார்ல்ஸின் தகப்பனார் எட்வேர்ட் ஸ்டட் வட பிகாரின் திர்ஹூத் பகுதியில் அவுரிப் பயிர்ச்செய்கை நடத்திப் பெரும் செல்வம் சேர்த்தவர். அவுரி என்றால் நீலச்சாயம். அந்தச் சாயத்துக்காகப் பிகார் விவசாயிகள் தங்கள் நிலத்தில் ஒரு பங்கைக் கட்டாயமாக ஒதுக்கிக் கொடுத்த கொடுமையை எதிர்த்துத்தான் 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனார். சம்பாரண் இதே திர்ஹூத் பிரதேசத்தில்தான் இருக்கிறது. எட்வேர்ட் ஸ்டட் தாயகம் திரும்பி, டெட்வர்த் ஹவுஸ் என்ற பெரிய மாளிகையில் குடியேறி, வேட்டை, குதிரைப் பந்தயம் என்று வாழ்ந்தார். அவருடைய குதிரை சலமண்டர் 1866இல் கிராண்ட் நெஷனல் பந்தயத்தில் முதலாவதாக வந்தது.

சார்ல்ஸ் பிறந்தது 1860 டிசம்பர் 2ஆம் திகதி, நோர்தாம்ப்டன்ஷயரில் ஸ்பிராட்டன் என்னும் ஊரில். வீட்டில் பல ஆண்பிள்ளைகள். கைனஸ்டன், ஜோர்ஜ், சார்ல்ஸ் மூவரும் ஈட்டன் பள்ளியில் ஒரே வருடம் பள்ளி அணிக்கு ஆடினார்கள். அந்தக் காலத்தில் தகப்பனுடைய வாழ்வு தலைகீழானது. அமெரிக்கப் பிரசங்கியார் மூடி இலண்டனில் நடத்திய கூட்டத்துக்குப் போனவர், வேறு மனிதராகத் திரும்பிவந்தார். குதிரைகளை விற்றார். மாளிகை மண்டபத்தில் ஜெபக்கூட்டம் வைத்தார். இரண்டு வருடத்தில் இறந்துவிட்டார். பிள்ளைகளுக்கு இது முதலில் பெரிய சங்கடம். பள்ளிக்கூடத்தில் முகம் காட்ட முடியாத வகையில் அப்பா மாறிவிட்டாரே என்ற கூச்சம். பின்னர் வீட்டுக்கு வந்த ஒரு பிரசங்கியார் மூலம் அவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். ஆனால் சார்ல்ஸுக்கு அப்போது கிரிக்கெட்தான் மதம் என்று சொல்லலாம்.

கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி. 1879இல் பல்கலைக்கழக அணி, அதே வருடம் மிடில்செக்ஸ் கவுண்டி அணி. பல்கலைக்கழகத் தலைமை 1882இல் ஜோர்ஜுக்கு, 1883இல் சார்ல்ஸுக்கு, 1884இல் கைனஸ்டனுக்கு. ஒரே வீட்டில் மூன்று பேர் அடுத்தடுத்து. 1882 மே மாதம் அவுஸ்திரேலியர்கள் கேம்பிரிட்ஜுக்கு வந்தபோது மூவரும் ஆடினார்கள், சார்ல்ஸ் 118 எடுத்தார், மாணவர்கள் வென்றார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தில் மாணவர் அணியிடம் தோற்றது அவுஸ்திரேலியர்களுக்கு எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப்பாருங்கள். பிறகு லோர்ட்ஸில் எம்.சி.சி. அணிக்காக 114. பந்துவீச்சிலும் குறைச்சல் இல்லை. அந்தப் பருவம் 1000 ஓட்டமும் 100 விக்கெட்டும் ஒன்றாகக் கடந்தார். அவருக்கு முன் இதைச் செய்தவர் கிரேஸ் ஒருவர்தான். அடுத்த வருடம், 1883இல், மறுபடியும் செய்தார்.

அந்தக் காலத்துக் கிரிக்கெட்டில் இரண்டு சாதி இருந்தது. காசுக்கு ஆடுபவர்கள் ஒரு சாதி, காசில்லாமல் ஆடும் கனவான்கள் இன்னொரு சாதி. உடைமாற்றும் அறை வேறு, மைதானத்துக்குள் வரும் வாசல் வேறு. பீட், பார்ன்ஸ் எல்லாம் கூலிக்கு ஆடியவர்கள். ஸ்டட் கனவான் பக்கம். அன்று ஓவலில் தோற்றதற்குப் பீட்டைத்தான் எல்லோரும் திட்டினார்கள். வரிசையைக் குலைத்த கனவான் தலைவரை அவ்வளவாகத் திட்டவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. அலுவலகங்களில் பார்க்காததா?

தோல்வி நடந்து சில வாரங்களில், சாம்பலை மீட்டுவரப் புறப்பட்ட ஐவோ பிளையின் அணியில் சார்ல்ஸும் ஜோர்ஜும் சேர்க்கப்பட்டார்கள். எங்களுக்குத் தொடர்பான ஒரு சங்கதி இங்கே வருகிறது. அந்த அணி போன பெஷாவர் என்ற கப்பல் ஒக்டோபரில் கொழும்பில் தரித்தது. அணி இறங்கிக் கொழும்பு ஆட்களுடன் ஒரு ஆட்டம் ஆடியது. இங்கிலாந்து அணி ஒன்று இலங்கையில் கிரிக்கெட் ஆடியது அதுதான் முதல் தடவை. கொழும்பிலிருந்து புறப்பட்ட கப்பல் கடலில் கிளென்ரோய் என்ற பாய்க்கப்பலோடு மோதிச் சேதமடைந்து, திருத்துவதற்காகக் கொழும்புக்கே திரும்பி வந்தது. வேகப்பந்து வீச்சாளர் மோர்லிக்கு விலா எலும்பில் அடி. அவர் பிறகு பழையபடி ஆடவேயில்லை. ஆஷஸ் வரலாறு எழுதுபவர்கள் பலர் கொழும்பை ஒரு வரியில் தாண்டிப்போகிறார்கள். அதனால்தான் நான் இரண்டு வரி கூடுதலாக எழுதுகிறேன்.

அவுஸ்திரேலியாவில் முர்டொக்கின் அணியோடு நடந்த மூன்று டெஸ்ட்களில் இரண்டை இங்கிலாந்து வென்றது. சார்ல்ஸின் பங்கு சாதாரணம். மெல்பேர்ன் பெண்கள் சிலர் சேர்ந்து பிளைக்கு ஒரு சிறிய மண்குடுவையைக் கொடுத்தார்கள். அந்தப் பெண்களில் ஒருவரைப் பிளை பிறகு கலியாணம் முடித்தார். குடுவைதான் இன்றைய ஆஷஸ் கிண்ணம். சார்ல்ஸ் ஆடிய டெஸ்ட்கள் மொத்தம் ஐந்து. ஓட்டங்கள் 160, சராசரி 20, ஆகக்கூடியது 48, விக்கெட் 3. இவ்வளவுதான். முதல்தரப் போட்டிகளைக் கூட்டிப் பார்த்தால் கதை வேறு. கிட்டத்தட்ட 4400 ஓட்டங்கள், எட்டுச் சதங்கள், 440க்கு மேற்பட்ட விக்கெட்டுகள். இதில் மிகப் பெரும்பகுதி 1879 முதல் 1884 வரையான ஆறு பருவங்களில் வந்தது. சர்வதேச அளவில் தோற்றவர் என்று சொல்லலாம், உள்ளூரில் நாட்டிலேயே முதல்வரிசை ஆட்டக்காரர். அப்படியான ஒருவர் 23 வயதில் நிறுத்தினார்.

காரணம் ஒரு நோய்ப் படுக்கை. 1883இன் கடைசியில் ஜோர்ஜ் கடுமையாக நோய்வாய்ப்பட்டார். பிழைப்பாரா என்ற நிலை. சார்ல்ஸ் இரவு பகலாகப் பக்கத்தில் இருந்தார். சாகக்கிடக்கும் தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பத்திரிகையில் வந்த பெயரும் சதமும் என்ன பெறுமதி என்ற கேள்வி அவருக்குள் வந்தது என்று அவர் வாழ்வை எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். தம்பி என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், ஜோர்ஜ் ஒரு வயது மூத்தவர், அண்ணன். அண்ணன் பிழைத்தார். சார்ல்ஸ் மூடியின் கூட்டங்களுக்குத் திரும்பவும் போகத் தொடங்கினார், அணியினர் சிலரையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கோடை மிடில்செக்ஸுக்கு ஆடினார். நவம்பரில் சீனா உள்நாட்டு மிஷனில் சேர்வதாக அறிவித்தார்.

வீட்டில் பெரிய கலவரம். தாய் விதவை. கைனஸ்டன் பக்தியில் குறைந்தவரல்ல. அவர்கூட இது அவசரம், அம்மாவின் நெஞ்சு உடைந்துவிடும் என்று மன்றாடிப் பார்த்தார். பயனில்லை. 1885 பெப்ரவரி 5ஆம் திகதி கேம்பிரிட்ஜோடு தொடர்புடைய ஏழு இளைஞர்கள் ஒன்றாகப் புறப்பட்டார்கள். படகோட்ட வீரர்களும் படை அதிகாரிகளும் நிலவுடைமையாளர் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். கேம்பிரிட்ஜ் எழுவர் என்று பெயர் நிலைத்துவிட்டது. நாடு முழுவதும் அவர்களைப் பார்க்கக் கூட்டம். உண்மையில் கூட்டம் வந்தது கிரிக்கெட் வீரரைப் பார்க்க.

மார்ச்சில் ஷாங்காய். அங்கே தலையை மழித்துப் பின்னல் வைத்து, சீன உடை உடுத்தினார்கள். அது அந்த மிஷனின் ஒழுங்கு. உள்நாட்டுக்கு ஆற்றுவழியே படகில் போகும்போது, ஸ்டட்டும் இன்னும் இருவரும் இலக்கணப் புத்தகங்களை மூடிவைத்துவிட்டு, சீனமொழியை ஆண்டவர் நேரடியாகத் தரவேண்டும் என்று ஜெபித்தார்கள். மொழி வரவில்லை. பிறகு புத்தகத்தைத் திறந்து, நாங்கள் எல்லோரும் வந்த நாட்டில் செய்ததுபோல, சொல் சொல்லாகப் பாடமாக்கினார்கள். பெரியவர்களின் வாழ்வில் இப்படியான இடங்கள்தான் எனக்குப் பிடிக்கும்.

இனிக் காசோலைகள்.

தகப்பனின் உயில்படி, 25 வயதானதும் அவருடைய பங்கு கைக்கு வரவேண்டும். 1885 டிசம்பரில் அந்த வயது. பணம் இங்கிலாந்தில், ஆள் சீனாவில். அவர் போட்ட மதிப்பு சுமார் 29,000 பவுண். இங்கிலாந்தில் பண்ணைத் தொழிலாளி ஒருவர் வாரம் ஒரு பவுண்கூடப் பெறாத காலம் அது. ஒரு பவுண் என்றே வைத்தாலும், ஒரு சதமும் செலவழிக்காமல் 29,000 சேர்க்க 550 வருடத்துக்கு மேல் வேண்டும். அரச கடன்பத்திரத்தில் 3 வீதத்துக்குப் போட்டால் வருடம் 870 பவுண் வட்டி. கைகட்டி உட்கார்ந்து வாழலாம். பிள்ளைகளையும் வாழவைக்கலாம்.

எங்கள் தேசவழமையில் சொத்து மூன்று வகை: முதுசம், சீதனம், தேடிய தேட்டம். ஸ்டட்டுக்கு வந்தது சுத்தமான முதுசம். அவர் ஒரு சதமும் தேடவில்லை. அதை அப்படியே கொடுத்துவிடுவதென்று முடிவெடுத்தார். பணக்கார வாலிபனுக்கு உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடுக்கச் சொன்ன சுவிசேஷப் பகுதியை அவர் உவமானமாக வாசிக்கவில்லை, அறிவுறுத்தற் கடிதமாக வாசித்தார்.

கொடுப்பதற்கு அற்றோணித் தத்துவப் பத்திரம் வேண்டும், அதில் பிரித்தானிய அதிகாரி ஒருவர் ஒப்பமிடவேண்டும். சுங்கிங் நகரில் இருந்த கொன்சல் பத்திரத்தை வாசித்துவிட்டு ஒப்பமிட மறுத்தார். இளைஞனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். இரண்டு வாரம் யோசித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து ஸ்டட் அதே பத்திரத்தோடு போய் நின்றார். கொன்சல் ஒப்பமிட்டார். என் தொழிலில் இருப்பவர்கள் அந்தக் கொன்சலை மதிக்கவேண்டும். உணர்ச்சி வேகத்தில் கையெழுத்துப் போட வரும் வாடிக்கையாளருக்கு நாங்கள் செய்யவேண்டியதும் அதுதான்.

1887 ஜனவரி 13ஆம் திகதி ஒன்பது காசோலைகள் போயின. நான்கு 5000 பவுண், ஐந்து 1000 பவுண். 5000இல் ஒன்று மூடிக்கு. தகப்பன் சம்பாதித்த திர்ஹூத்தில் ஊழியம் தொடங்கவேண்டும் என்ற ஆசையோடு அனுப்பப்பட்டது. மூடிக்கு அது முடியவில்லை. அந்தப் பணத்தைச் சிக்காகோவில் தன் வேதாகமப் பாடசாலையைத் தொடங்கப் பயன்படுத்தினார். பிகார் அவுரிக்காரனின் வியர்வை சிக்காகோவில் கட்டடமாகிவிட்டது. இரண்டாவது ஜோர்ஜ் முல்லருக்கு. அதில் 4000 மிஷன் வேலைக்கு, 1000 பிரிஸ்டல் அநாதைப் பிள்ளைகளுக்கு. மூன்றாவது இலண்டன் வைட்சப்பல் ஏழைகளிடையே வேலை செய்த ஜோர்ஜ் ஹொலண்டுக்கு. நான்காவது இந்தியாவில் இரட்சணிய சேனையை நடத்திய பூத் டக்கருக்கு. ஆயிரங்கள் ஐந்தும் போனவர்களில் ஜெனரல் பூத்தும் டாக்டர் பர்னாடோவும் உண்டு.

நான்கு ஐயாயிரம் இருபதாயிரம், ஐந்து ஆயிரம் ஐயாயிரம். கூட்டு 25,000. ஏன் 29,000 இல்லை? அவருக்குச் சரியான தொகை தெரியாது. பிழைக்கு இடம் விட்டுத்தான் முதலில் 25,000 கொடுத்தார். சரியான கணக்கு வந்தபிறகு, இன்னும் சில ஆயிரங்களை முக்கியமாகச் சீனா மிஷனுக்குக் கொடுத்தார், 3400 மிஞ்சியது. கூட்டிப்பாருங்கள். 25,000, சில ஆயிரங்கள், 3400. இது 29,000ஐத் தாண்டும். அதாவது அவர் மதிப்பிட்டதைவிட முதுசம் கூடுதலாக இருந்திருக்கிறது. பல புத்தகங்கள் 29,000 என்ற எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதுகின்றன, கூட்டிப் பார்ப்பதில்லை. கோபத்தில் எறிந்த பணமில்லை இது. மதிப்பீடு, ஒதுக்கீடு, மீதி என்று நிதானமாகக் கொடுத்த பணம். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்.

மிஞ்சிய 3400ஐக் கலியாணத்துக்கு முன் மணமகளிடம் கொடுத்தார். எங்கள் ஊரில் சீதனம் போகும் திசைக்கு எதிர்த்திசை. மணமகள் பிரிசில்லா லிவிங்ஸ்டன் ஸ்டுவர்ட், அயர்லாந்தின் லிஸ்பர்ன் ஊரைச் சேர்ந்தவர், சீனாவுக்கு வந்த மிஷனரி. அவர் அந்தப் பணக்கார வாலிபனை ஞாபகப்படுத்தி, எல்லாவற்றையும் என்றுதானே சொல்லப்பட்டது என்று கேட்டார். அந்த 3400உம் ஜெனரல் பூத்துக்குப் போயிற்று. 1888இல் கலியாணம். ஐந்தொகை பூச்சியத்தில் தொடங்கிய குடும்பம்.

வட சீனாவின் ஷான்சி மாகாணத்தில் குடியேறி, அபின் பழக்கத்திலிருந்து மீள்வோருக்கு ஒரு விடுதி நடத்தினார்கள். ஏழு வருடத்தில் சுமார் 800 பேர் வந்துபோனார்கள். சீனாவுக்குள் அபினைப் பீரங்கி வைத்துத் தள்ளிய நாட்டிலிருந்து வந்தவர் அதைக் கழுவிக்கொண்டிருந்தார். நான்கு பெண்பிள்ளைகள் தப்பினார்கள். இரண்டு ஆண்குழந்தைகள் பிறந்த கையோடு இறந்தன. 1894இல் இருவருமே நோயாளிகளாக இங்கிலாந்து திரும்பினார்கள். கையில் காசில்லை, சார்ல்ஸின் தாய் வீட்டில் இடம் கொடுத்தார். ஐந்து உயிரை ஆபத்தில் வைத்துவிட்டான் மகன் என்று அந்தத் தாய் ஒருநாளும் நினைக்காமலா இருந்திருப்பார்?

1900இல் இந்தியா. முதலில் திர்ஹூத். தகப்பன் செல்வம் சேர்த்த அதே அவுரித் தோட்டங்களின் ஆங்கிலேயர்களிடையே ஆறு மாதம் கூட்டங்கள் நடத்தினார். பிறகு ஊட்டியில் யூனியன் சேர்ச் சபைக்குப் போதகர். சென்னை மாகாணத்தின் கோடைகாலத் தலைநகரமாக இருந்த ஊர். அதிகாரிகளும் படைக்காரரும் தோட்டத்துரைமாரும் வந்துபோகும் ஆங்கிலச் சபை. ஆஸ்துமா அவரை இரவில் தூங்கவிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி விடியவைத்தார். இருந்தும் கிரிக்கெட் ஆடினார், அந்தப் பெயருக்காகவே படைவீரர்கள் கூட்டத்துக்கு வந்தார்கள். நான்கு பெண்பிள்ளைகளுக்கும் நிம்மதியாக வளர ஒரு வீடு கிடைத்த காலம் இது. 1906இல் ஊர் திரும்பினார்கள்.

வேறொருவர் என்றால் இத்தோடு ஓய்ந்திருப்பார். அவர் 50 வயதில், வைத்தியர்கள் தடுத்தும், 1910இல் சூடானுக்குப் போனார். 1913இல் பெல்ஜியம் ஆண்ட கொங்கோவுக்கு, அல்பிரட் பக்ஸ்டன் என்ற இளைஞரோடு. பின்னாளில் உலகெங்கும் பரவிய ஒரு மிஷன் இயக்கம் இப்படித் தொடங்கியது. பிரிசில்லாவுக்கு அப்போது இருதய நோய். அவர் இலண்டனில் மேல் நோர்வுட்டில் இருந்த வீட்டிலிருந்து அந்த இயக்கத்தின் பணத்தையும் கடிதங்களையும் ஆட்களையும் கவனித்தார். 1916இல் சார்ல்ஸ் இரண்டாவது தடவை கொங்கோ புறப்பட்டார். திரும்பி வரவேயில்லை. கணவன் ஒரு கண்டத்தில், மனைவி ஒரு கண்டத்தில், நடுவில் கடிதம். எங்கள் குடும்பங்களில் அனேகருக்கு இது புரியும். ஆனால் எங்களைப் பிரித்தது போர். இவர்கள் தாங்களே தெரிந்தெடுத்தார்கள், அல்லது அவர் தெரிந்தெடுத்தார், பிரிசில்லா ஏற்றுக்கொண்டார். 1928இல் பிரிசில்லா ஒரேயொரு தடவை கொங்கோ போய்ச் சுமார் இரண்டு வாரம் கணவனோடு இருந்தார். 1929 ஜனவரியில் ஸ்பெயினில் இறந்துபோனார்.

கடைசிக் காலத்தைப் பக்திப் புத்தகங்கள் மெழுகிவிடுகின்றன. மெழுகத் தேவையில்லை. இபாம்பி என்ற ஊரில் மண்தரை வீட்டில் இருந்துகொண்டு, நாளுக்கு 18 மணிநேரம் வேலை செய்தார். எளிய சுவாகிலியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். தன்னளவு உழைக்காதவர்களை அவரால் பொறுக்க முடியவில்லை. வந்த ஊழியர்கள் பலர் முறித்துக்கொண்டு போனார்கள். முதல் துணையும் மூத்த உழைப்பாளியும் மருமகனுமான பக்ஸ்டனோடேயே முறிந்தது. அதனால் மகள் எடித்தோடும். அவர் எழுதிய ஒரு கைந்நூலின் தலைப்பில் இருந்த வசைச்சொல் இங்கிலாந்துப் பக்தர்களைத் திகைக்கவைத்தது. நோவுக்கு மோர்பின் எடுத்தார், அதுவும் சர்ச்சையாயிற்று. 1931இல், அவர் இறப்பதற்குச் சற்றுமுன், அவர் தொடங்கிய இயக்கத்தின் இலண்டன் குழுவே அவரை ஒதுக்கியது. எல்லாவற்றையும் கொடுத்தவர் மற்றவர்களும் எல்லாவற்றையும் கொடுக்கவேண்டும் என்று எதிர்பார்த்தார். என் பார்வையில் அவருடைய குறை அதுதான். முதுசத்தைக் கொடுப்பது அவர் உரிமை. மற்றவனுடைய வாழ்வை அதே வீதத்தில் மதிப்பிடுவது உரிமையில்லை.

அண்ணன்மாருடைய பாதையையும் சொல்லவேண்டும். மூவரும் ஒரே நம்பிக்கையில் வளர்ந்தவர்கள். கைனஸ்டன் இலண்டன் ரீஜன்ட் வீதித் தொழில்நுட்பக் கல்லூரிக்குத் தலைமை தாங்கி, உழைக்கும் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுத்தார். 1928இல் இலண்டன் மாநகர லோர்ட் மேயர் ஆனார், 1930இல் எம்.சி.சி. தலைவர். சாகக்கிடந்த ஜோர்ஜ் லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய் அங்கே ஏழைகளிடையே ஊழியம் செய்து, தம்பியைவிடப் பல வருடம் கூடுதலாக வாழ்ந்தார்.

சார்ல்ஸ் ஸ்டட் 1931 ஜூலை 16ஆம் திகதி இபாம்பியில், 70 வயதில் இறந்தார். பித்தப்பைக் கல் நோய். அடக்கத்துக்குக் கொங்கோ மக்கள் பெருந்திரளாக வந்தார்கள். உயில் எழுதிப் பிரிக்க எதுவும் இருக்கவில்லை. இன்னொரு மருமகன் நோர்மன் கிரப் இயக்கத்தை ஏற்று நடத்தினார், ஸ்டட்டின் வாழ்க்கை வரலாற்றையும் அவரே எழுதினார். இன்று பெரும்பாலோர் அறிந்திருப்பது அந்த நூலின் ஸ்டட்டைத்தான்.

பிளை 1927இல் இறந்தபிறகு அவர் மனைவி அந்த மண்குடுவையை எம்.சி.சி.க்குக் கொடுத்தார். இப்போது அது லோர்ட்ஸ் மைதான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் ஒரு சாண்கூட வராது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், குடுவையில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். மெல்பேர்ன் பத்திரிகை ஒன்றில் வந்த ஆறு வரிச் செய்யுள் அது. இரண்டாவது வரியின் முதற்சொல் ஸ்டட், அதுவும் பன்மையில், அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்த்து.